மூணு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்

சதுரங்கப் பலகையும் அரிசி மணியும் வர்ற கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். முதல் கட்டத்துல ஒரு மணி, அடுத்ததுல ரெண்டு, அதுக்கடுத்து நாலு, இப்படி இரட்டிச்சுக்கிட்டே போகணும்னு ஒருத்தர் ராஜாகிட்ட பரிசு கேட்பார். ராஜா சிரிச்சுக்கிட்டே சரின்னுடுவார். அறுபத்து நாலாவது கட்டத்துக்கு வர்றதுக்குள்ள களஞ்சியம் காலி. கேரளாவுல அம்பலப்புழை கோயில் பால்பாயசத்துக்கும் இதே கதையைத்தான் சொல்றாங்க.

அந்தப் பலகையோட இன்னும் மூணு கட்டத்தை ஒட்டிக்குவோம். மொத்தம் 67 கட்டம். எல்லாத்துலயும் இருக்கிற மணிகளைக் கூட்டினா எவ்வளவு? 67 ரெண்டுகளை ஒண்ணோட ஒண்ணு பெருக்கி, வர்றதுல ஒண்ணைக் குறைச்சா போதும். 2⁶⁷ − 1. முழுசா எழுதினா இப்படி இருக்கும்:

147573952589676412927

21 இலக்கம். நம்ம ஊர்க் கணக்குல சுமார் 14 லட்சத்து 75 ஆயிரம் கோடி கோடி. வேற எந்தச் சிறப்பும் வெளியில தெரியாத ஒரு எண். ஆனா இது பகா எண்ணா, இல்லையாங்கற ஒரே கேள்விக்கு ஐரோப்பாவும் அமெரிக்காவும் சேர்ந்து 259 வருஷம் எடுத்துக்கிட்டாங்க. அதுல முதல் பாதிக்கும் மேல தப்பான பதிலை நம்பிக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் ஒரு 27 வருஷம், சரியான பதில் கையில இருந்தும் அதை யாருக்கும் காட்ட முடியாத ஒரு விசித்திரமான நிலைமை. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்சது அந்த 27 வருஷம்தான்.

முதல்ல தப்பான பதில் எங்கிருந்து வந்ததுன்னு பார்ப்போம்.

மரென் மெர்சென் பாரிஸ்ல இருந்த ஒரு கத்தோலிக்கத் துறவி. 1588-ல பிறந்து 1648-ல இறந்தவர். அவரோட உண்மையான வேலை கடிதம் எழுதறதுன்னே சொல்லலாம். ஃபெர்மா, தெகார்த் மாதிரி அந்தக் காலத்துப் பெரிய தலைகள் பலரோட கடிதத் தொடர்பு வெச்சிருந்தார். ஒருத்தர் கண்டுபிடிச்சதை இன்னொருத்தருக்குத் தெரிவிப்பார், சண்டை மூட்டுவார், சமாதானமும் பண்ணுவார். அறிவியல் பத்திரிகைகளே இல்லாத காலத்துல இந்த ஆள்தான் பத்திரிகை.

1644-ல வெளியான ஒரு புத்தகத்தோட முன்னுரையில அவர் ஒரு பட்டியல் கொடுத்தார். 2-ஐ ஒரு அடுக்குக்கு உயர்த்தி ஒண்ணைக் கழிச்சா வர்ற எண்கள்ல எவையெல்லாம் பகா எண்கள்? அடுக்கு 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆக இருந்தா மட்டும் பகா எண். 257 வரைக்கும் வேற எதுவும் கிடையாது. அவ்வளவுதான். நிரூபணம் எதுவும் இல்ல.

இந்த மாதிரி எண்கள் மேல ஏன் இவ்வளவு ஆர்வம்? ஒரு பழைய ஆசை. தன்னோட காரணிகளைக் கூட்டினா தானே வர்ற எண்ணை நிறைவெண்ணுன்னு சொல்வாங்க. 6-ஐ எடுத்துக்கோங்க, 1+2+3. அடுத்தது 28. யூக்ளிட் காலத்துலயே தெரியும், 2-ன் அடுக்கு கழித்தல் 1 ஒரு பகா எண்ணா வந்தா, அதுல இருந்து ஒரு நிறைவெண்ணை உருவாக்கலாம். அதனால மெர்சென் பட்டியல்ல ஒவ்வொரு அடுக்கும் ஒரு புதையல் வரைபடம் மாதிரி.

மெர்சென்னால 2²⁵⁷ − 1 வரைக்கும் சோதிச்சிருக்கவே முடியாது. அது 78 இலக்க எண். அந்தக் காலத்துல யாராலயும் முடியாது, அவரோட சமகாலத்தவங்களுக்கும் அது தெரியும். அப்ப எப்படி எழுதினார்? ஒரு ஊகம், கொஞ்சம் கணக்கு, நிறைய தைரியம். இன்னிக்கு ஒருத்தர் ட்விட்டர்ல இப்படி ஒரு பட்டியல் போட்டா ஆதாரம் எங்கேன்னு கேட்போம். மெர்சென்னைக் கேட்டவங்க இருந்தாலும், பட்டியல் அவர் பேரோட புத்தகத்துக்குப் புத்தகம் போய்க்கிட்டே இருந்துச்சு. இப்ப நமக்குத் தெரியும், அதுல அஞ்சு தப்பு. 67-ம் 257-ம் உள்ளே இருக்கக் கூடாது. 61, 89, 107 மூணும் விட்டுப்போச்சு. 67-ங்கறது 61-க்குப் பதிலா விழுந்த அச்சுப்பிழைன்னு சிலர் மெர்சென்னுக்கு வக்காலத்து வாங்குவாங்க. எனக்கு அது ரொம்பப் பெருந்தன்மையாத் தோணுது, ஏன்னா மீதி நாலு தப்புக்கு யார் பொறுப்பு?

ஆனா ஒரு நல்ல கருவி அப்பவே கையில இருந்துச்சு. ஃபெர்மா 1640 வாக்குல எழுதின கடிதங்கள்ல அது வருது. 2-ன் அடுக்கு ஒரு பகா எண்ணா இருக்கும்போது, அந்த அடுக்கை இரட்டிச்சுக்கோங்க. நீங்க தேடற காரணி, அந்த இரட்டிப்போட ஏதாவது ஒரு மடங்கைவிட ஒண்ணு அதிகமாத்தான் இருக்கும். சின்ன உதாரணம்: 2¹¹ − 1 = 2047. அடுக்கு 11, இரட்டிச்சா 22. 2047-ஓட காரணிகள் 23, 89. 23-ங்கறது 22+1. 89-ங்கறது 88+1. சரியா வருதா? இதே விதியை வெச்சு 2³⁷ − 1-ல 223 ஒரு காரணின்னு ஃபெர்மா கண்டுபிடிச்சார். 74-ஓட மூணு மடங்கு 222, கூட ஒண்ணு.

இந்த விதியோட இன்னொரு விதியையும் சேர்த்து, காரணியை 8-ஆல வகுத்தா மீதி 1 அல்லது 7 தான் வரணும்னு வடிகட்டி, ஆய்லர் 1772-ல 2³¹ − 1 பகா எண்தான்னு உறுதிப்படுத்தினார். 2147483647. புரோகிராமிங் பண்றவங்களுக்கு இந்த எண் முகம் தெரிஞ்ச எண். 46,340 வரைக்கும்தான் காரணி தேடணும், அதுலயும் வடிகட்டினப்புறம் மிஞ்சறது கொஞ்சம்தான். பொறுமை இருந்தா முடியும். பீட்டர் பார்லோன்னு ஒரு ஆங்கிலேயர் 1811-ல, இதைவிடப் பெரிசா யாரும் கண்டுபிடிக்கப் போறதில்ல, ஏன்னா இதனால ஒரு பிரயோஜனமும் இல்ல, யார் மெனக்கெடுவாங்கங்கற தொனியில எழுதி வெச்சார். ஆர்வத்தைக் குறைச்சு மதிப்பிடற பெரியவங்க எல்லாக் காலத்துலயும் இருந்திருக்காங்க.

67-க்கு வந்தா இந்த வழி படுத்துடுது. அங்கே காரணி தேட வேண்டிய எல்லை 1,214 கோடி. ரெண்டு வடிகட்டியையும் போட்டாலும் நாலரைக் கோடி எண்கள் மிஞ்சும். கையால முடியாது.

1876-ல பிரான்ஸ்ல எடுவார் லூகா வேற வழியில வந்தார். இவரை உங்களுக்குத் தெரியும், பேர்தான் தெரியாது. மூணு கம்பி, வட்டத் தட்டுகள், பெரிய தட்டு சின்னது மேல ஏறக் கூடாதுன்னு ஒரு புதிர் இருக்கே, ஹனோய் கோபுரம், கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்ச எல்லாரையும் படுத்தி எடுத்தது, அதை 1883-ல வெளியிட்டவர் இவர்தான். அந்தப் புதிர்ல 67 தட்டு வெச்சா எத்தனை நகர்த்தல் தேவை? 2⁶⁷ − 1. நம்ம எண்ணேதான்.

லூகா கேட்ட கேள்வி இது. ஒரு எண் பகா எண்ணா இல்லையான்னு தெரிஞ்சுக்கக் காரணியைத் தேடித்தான் ஆகணுமா? தேவையில்லன்னு அவர் காட்டினார். அவரோட வழியை 1930 வாக்குல டெரிக் லேமர்ங்கற அமெரிக்கர் இன்னும் எளிமையாக்கினார். அந்த எளிய வடிவத்தையே சொல்றேன். பேப்பர் பேனா இருந்தா எடுத்துக்கோங்க.

2⁷ − 1 = 127. இது பகா எண்ணா? 4-ல ஆரம்பிங்க. வர்க்கம் எடுத்து ரெண்டைக் கழிங்க: 14. திரும்ப வர்க்கம் எடுத்து ரெண்டைக் கழிங்க: 194. இது 127-ஐத் தாண்டிடுச்சு, அதனால 127-ஆல வகுத்து மீதியை மட்டும் வெச்சுக்கோங்க: 67. திரும்ப அதே வேலை: 4487, மீதி 42. திரும்ப: 1762, மீதி 111. திரும்ப: 12319. இதை 127-ஆல வகுத்தா 97, மீதி பூஜ்யம். அடுக்கு 7, அதுல ரெண்டைக் குறைச்சா 5. அஞ்சாவது சுற்றுல பூஜ்யம் வந்தா அது பகா எண். வந்துடுச்சு.

இப்ப 2047-க்கு இதையே செஞ்சா, ஒன்பதாவது சுற்றுல பூஜ்யம் வரணும். வர்றது 1736. ஆக, 2047 பகா எண் இல்ல. இங்கே கொஞ்சம் நில்லுங்க. நாம 23-ஐயும் பார்க்கல, 89-ஐயும் பார்க்கல. எதனால வகுபடும்னு ஒரு துப்பும் கிடைக்கல. 1736-ங்கற எண்ணை எப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் அதுக்குள்ள 23 ஒளிஞ்சிருக்காது. ஆனா 2047 உடையும்னு மட்டும் சந்தேகமில்லாமத் தெரிஞ்சுடுச்சு.

லூகா தன்னோட முறையில 2¹²⁷ − 1 பகா எண்ணுன்னு சொன்னார். 39 இலக்கம். கம்ப்யூட்டர்கள் களத்துல இறங்கின 1951 வரைக்கும் உலகத்துக்குத் தெரிஞ்ச மிகப் பெரிய பகா எண் அதுதான். அதே 1876-ல 2⁶⁷ − 1 பகா எண் இல்லன்னும் சொன்னார். மெர்சென் பட்டியல்ல விழுந்த முதல் ஓட்டை.

ஆனா இந்த ரெண்டு முடிவும் ஒரே தரத்துல இல்ல. இதை எந்தப் புத்தகத்துலயும் அழுத்திச் சொல்றதில்ல, எனக்கு இதுதான் கதையோட மையம்னு தோணுது. பூஜ்யம் வர்ற கணக்கை யோசிங்க. 39 இலக்க எண்களை நூத்துக்கணக்கான தடவை பெருக்கி வகுத்துக் கடைசியில துல்லியமா பூஜ்யம் வந்தா, அது தற்செயலா நடக்க வாய்ப்பே இல்ல. கணக்கு சரின்னு கணக்கே சாட்சி சொல்லுது. பூஜ்யம் வராத கணக்கு? எண் பகு எண்ணா இருந்தாலும் பூஜ்யம் வராது. நடுவுல எங்கேயோ ஒரு இலக்கத்தைத் தப்பாக் கூட்டியிருந்தாலும் பூஜ்யம் வராது. வெளியில இருந்து பார்க்கிறவங்களுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். 67-ஐப் பத்தி லூகா சொன்னதை நம்பணும்னா, அவரோட கூட்டல் கழித்தலை நம்பணும். இல்லாட்டி 21 இலக்க எண்களை 65 சுற்று நீங்களே பெருக்கணும்.

லூகாவோட முடிவு ஒரு மோசமான நகைச்சுவை மாதிரி இருக்கும். 1891-ல ஒரு விருந்துல பரிமாறினவர் கைதவறித் தட்டுகளைக் கீழே போட, தெறிச்ச துண்டு லூகாவோட கன்னத்தைக் கிழிச்சது. அதுல தொற்று ஏறி, சில நாள்ல இறந்துட்டார். 49 வயசு.

இனி நியூயார்க். ஃபிராங்க் நெல்சன் கோல், 1861-ல பிறந்தவர், கொலம்பியா பல்கலைக்கழகத்துல கணிதப் பேராசிரியர். 1896-ல இருந்து அமெரிக்கக் கணிதக் கழகத்தோட செயலாளர், அதோட இதழுக்கும் ஆசிரியர். கூட்டத்துக்கு நோட்டீஸ் அனுப்பறது, மத்தவங்க கட்டுரையைத் திருத்தறதுன்னு கால் நூற்றாண்டு உழைச்ச மனுஷன். எல்லாச் சங்கத்துலயும் ஒருத்தர் இப்படி இருப்பார், அவர் இல்லன்னா சங்கமே இல்ல.

1903 அக்டோபர் 31, சனிக்கிழமை. கழகத்தோட கூட்டத்துல பேச கோல் பேர் இருந்துச்சு. தலைப்பு, பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது பற்றி. இனி நடந்ததா எல்லாரும் சொல்ற கதை: கோல் எழுந்து கரும்பலகைகிட்டப் போனார். ஒரு வார்த்தை பேசல. 2-ஐ 67-ஆவது அடுக்குக்கு உயர்த்தி, ஒண்ணைக் கழிச்சு, 21 இலக்க விடையை எழுதினார். பலகையோட காலியான பக்கத்துக்கு நகர்ந்தார். ரெண்டு எண்களை ஒண்ணு கீழ ஒண்ணு எழுதினார்.

193707721
761838257287

நாம அஞ்சாம் வகுப்புல பண்ற மாதிரி வரிசை வரிசையாப் பெருக்கினார். விடை முதல் விடையோட இலக்கத்துக்கு இலக்கம் பொருந்திச்சு. சாக்பீஸை வெச்சுட்டு வந்து உட்கார்ந்தார். அப்பவும் ஒரு வார்த்தை இல்ல. அரங்கமே எழுந்து கைதட்டிச்சு. கேள்வி நேரத்துல ஒருத்தரும் ஒரு கேள்வியும் கேட்கல.

அருமையான காட்சி. யார் சொன்னது? எரிக் டெம்பிள் பெல். கணித வரலாற்றைக் கதை மாதிரி எழுதிப் பேர் வாங்கினவர். 1951-ல வந்த புத்தகத்துல இதைச் சொல்றார். சம்பவம் நடந்து 48 வருஷம் கழிச்சு. 1903-ல பெல் கலிஃபோர்னியாவுல, ஸ்டான்ஃபோர்டுல மாணவர். நாட்டோட அடுத்த கரையில. அந்த அறையில அவர் இருந்திருக்க முடியாது. பெல் எழுதின வாழ்க்கை வரலாறுகள்ல கதைச் சுவைக்காகச் சேர்த்த விஷயங்கள் எவ்வளவுன்னு பின்னால வந்த வரலாற்று ஆசிரியர்கள் நிறையவே தோண்டி எடுத்திருக்காங்க. அதனால மௌனத்தையும் கைதட்டலையும் நான் கொஞ்சம் தள்ளுபடி போட்டுத்தான் எடுத்துக்கறேன். பெருக்கலுக்குத் தள்ளுபடி தேவையில்ல. கோலோட கட்டுரை அந்த வருஷமே கழகத்தோட இதழ்ல வந்துச்சு. ஒரு வேடிக்கை: அது தொடங்கற பக்கம் 134. அறுபத்தேழோட இரட்டிப்பு. இதழோட ஆசிரியர் கோல்தான், ஆனா அதைத் திட்டம்போட்டுச் செஞ்சிருப்பார்னு நான் நினைக்கல.

பெல் இன்னொண்ணும் சொல்றார். இது அவர் நேர்ல கேட்டது. 1911-ல கோலைப் பார்த்து, இதுக்கு எவ்வளவு காலம் ஆச்சுன்னு கேட்டாராம். மூணு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்னு பதில் வந்துச்சாம்.

அதை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூணு வருஷத்துல சுமார் 156 ஞாயிறு. ரெண்டு வடிகட்டியையும் போட்டு 134-ஓட மடங்குகளா ஏறிக்கிட்டே போனா, 193707721-ஐத் தொடறதுக்குள்ள ஏழு லட்சத்துக்கும் மேல எண்களைச் சோதிக்கணும். ஒரு வகுத்தலுக்கு அஞ்சு நிமிஷம், ஞாயிறுக்குப் பத்து மணி நேரம்னு வெச்சா 115 வருஷம் ஆகும். அதுல பகா எண்களை மட்டும் சோதிச்சா போதுமேன்னு கேட்கலாம். அப்பவும் சுமார் 80 ஆயிரம் எண், 13 வருஷம். போதாததுக்கு, 19 கோடி வரைக்கும் அச்சான பகா எண் அட்டவணையே அப்ப கிடையாது. ஆக, கோல் முட்டிமோதி வகுத்துப் பார்த்திருக்க முடியாது. வேற ஏதோ பண்ணியிருக்கணும்.

பண்ணினார். அடிப்படை ஃபெர்மாகிட்ட இருந்து வந்த யோசனை. ஒரு எண்ணை ரெண்டு வர்க்கங்களோட வித்தியாசமா எழுத முடிஞ்சா, காரணி தானா விழுந்துடும். 91-ஐப் பாருங்க, 100 கழித்தல் 9. அதாவது 10-ன் வர்க்கம் கழித்தல் 3-ன் வர்க்கம். 10−3 = 7, 10+3 = 13. ஏழு பதிமூணு 91. நம்ம எண்ணுக்கும் இப்படி ஒரு ஜோடி இருக்கு: 381015982504-ன் வர்க்கம் கழித்தல் 380822274783-ன் வர்க்கம். அந்தப் பன்னிரண்டு இலக்க எண்ணை எப்படித் தேடறது? வடிகட்டித்தான். ஒரு துளி மட்டும் காட்டறேன். எந்த வர்க்கமும் 2, 3, 7, 8-ல முடியாது. நம்ம எண் 7-ல முடியுது. அப்ப நாம தேடற பெரிய எண் 1, 4, 6, 9-ல மட்டும்தான் முடிய முடியும். பத்துல ஆறு இலக்கம் இங்கேயே காலி. இதே விளையாட்டை 10-க்குப் பதிலா வேற வேற எண்களை வெச்சு ஆடிக்கிட்டே போனா, ஒவ்வொரு சல்லடையும் பெரும்பகுதியைக் கீழே தள்ளும். கோலோட சல்லடைகள் இதைவிட ரொம்ப நுணுக்கமானவை, நம்ம எண்ணுக்குன்னே அளவெடுத்துத் தைச்சவை. அந்த வேலைதான் ஞாயிறுகளைச் சாப்பிட்டது.

கோல் போட்ட பெருக்கலை நானும் ஒரு நோட்டுல போட்டேன். முக்கால் மணி நேரம் ஆச்சு. பார்க்க பயமா இருந்தாலும் ரொம்ப தயவான கணக்கு. 193707721-ல மூணு ஏழு, ரெண்டு ஒண்ணு, ஒரு பூஜ்யம். ஒண்ணுக்கு அப்படியே நகல் எடுத்தா போச்சு, பூஜ்யத்தைத் தாண்டிடலாம், ஏழாம் வரிசையை ஒரு தடவை பெருக்கி மூணு இடத்துல எழுதிக்கலாம். உண்மையாப் பெருக்க வேண்டியது 2, 3, 7, 9 ஆகிய நாலே வரிசை. கஷ்டம் எல்லாம் கடைசிக் கூட்டல்லதான்.

இப்ப லூகாவையும் கோலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. லூகா சொன்னது உண்மை. ஆனா அதைச் சரிபார்க்க நீங்க லூகா செஞ்ச அளவுக்கு வேலை செய்யணும். கோல் மூணு வருஷம் பட்ட பாட்டைச் சரிபார்க்க முக்கால் மணி நேரம் போதும். கோல் யாரு, என்ன படிச்சார், ஞாயிற்றுக்கிழமை ஒழுங்கா வேலை பார்த்தாரா, இல்ல கனவுல வந்துச்சா, எதுவும் தேவையில்ல. அவர் மேல நம்பிக்கை வைக்கவே வேண்டாம். இங்கே மெர்சென்னையும் சேர்த்துக்கோங்க. அவர் கொடுத்தது பேரை நம்பற அறிவு. லூகா கொடுத்தது உழைப்பை நம்பற அறிவு. கோல் கொடுத்தது ரெண்டு எண்.

இந்த வித்தியாசம் 1970-கள் வரைக்கும் கணக்குப் பைத்தியங்களோட சொத்தா மட்டும் இருந்துச்சு. 1977-ல அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன்னு மூணு பேர் அதை ஒரு பூட்டா மாத்தினாங்க. அவங்க பேர்களோட முதல் எழுத்துதான் ஆர்.எஸ்.ஏ. ரெண்டு பெரிய பகா எண்களை எடுத்துப் பெருக்குங்க. பெருக்கல் விடையை ஊருக்கே காட்டலாம். அதை வெச்சு யார் வேணும்னாலும் உங்களுக்கு ரகசியச் செய்தி பூட்டி அனுப்பலாம். திறக்கணும்னா அந்த ரெண்டு காரணியும் வேணும். உங்க போன்ல பேங்க் வெப்சைட் திறக்கும்போது அது உண்மையான பேங்க்தானான்னு சோதிக்கிற சான்றிதழ்கள்ல இந்தப் பூட்டு இன்னும் பரவலா இருக்கு. வேற வகைப் பூட்டுகளும் இப்ப நிறைய வந்தாச்சு. ஆர்.எஸ்.ஏ.வுல இன்னிக்குச் சாதாரணமாப் புழங்கற எண்ணுக்கு 617 இலக்கம். அந்த எண் பகு எண்ணுன்னு உலகத்துக்கே தெரியும், அதை ஒளிச்சு வைக்கவே இல்ல. லூகா 67-ஐப் பத்திச் சொன்ன அதே நிலைமை. கோல் வராத வரைக்கும் உங்க பணம் பத்திரம்.

அந்த 1977 ஆகஸ்ட்ல சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழ்ல மார்ட்டின் கார்ட்னர் தன்னோட பத்தியில இந்த முறையை அறிமுகப்படுத்தி, 129 இலக்க எண் ஒண்ணைச் சவாலாப் போட்டார். உடைச்சா 100 டாலர். உடைக்க எவ்வளவு காலம் ஆகும்னு ரிவெஸ்ட் போட்ட மதிப்பீடு, 40-க்குப் பின்னால 15 பூஜ்யம் போட்டா வர்ற அளவு வருஷம். 17 வருஷத்துல, 1994 ஏப்ரல்ல அது உடைஞ்சுது. சுமார் 600 தன்னார்வலர்கள், இமெயில் மூலமா வேலையைப் பிரிச்சுக்கிட்டு, ஓய்வா இருந்த கம்ப்யூட்டர்களை எட்டு மாசம் ஓட்டினாங்க. அவங்க பயன்படுத்தின முறையும் வர்க்க வித்தியாசச் சல்லடைதான், கோலோட வேலைக்குத் தூரத்துப் பேரன்னு சொல்லலாம். கிடைச்சது 64 இலக்கத்துல ஒரு எண், 65 இலக்கத்துல ஒரு எண். உள்ளே பூட்டியிருந்த செய்தி, எலும்பு தின்னும் கழுகைப் பத்தின அர்த்தமில்லாத ஒரு ஆங்கிலத் தொடர். ரிவெஸ்ட்டோட மதிப்பீடு எங்கே தப்பிச்சுன்னா, அது அன்னிக்குத் தெரிஞ்ச முறைகளுக்கு மட்டும் போட்ட கணக்கு. நாளைக்கு ஒருத்தர் புதுச் சல்லடையோட வருவார்ங்கறதை எந்த மதிப்பீட்டுலயும் சேர்க்க முடியாது.

லூகா திறந்த வழிக்கு ஒரு முத்தாய்ப்பு கான்பூர்ல நடந்துச்சு. 2002 ஆகஸ்ட்ல ஐ.ஐ.டி. பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அப்பதான் பி.டெக். முடிச்சிருந்த நீரஜ் கயாலும் நிதின் சக்ஸேனாவும், எந்த எண்ணா இருந்தாலும் அது பகா எண்ணா இல்லையான்னு, இலக்கங்கள் கூடக் கூட நேரம் கட்டுக்கு மீறி வெடிக்காம, சந்தேகத்துக்கு இடமில்லாமச் சொல்ற முறையைக் கொடுத்தாங்க. லூகாவோட சோதனை ஒரு வகை எண்ணுக்கு மட்டும். இது எல்லாத்துக்கும். உலகமே பேசிச்சு. சிலர் பயந்துபோய், அப்ப ஆர்.எஸ்.ஏ. பூட்டு காலியான்னு கேட்டாங்க. இல்ல. கான்பூர் முறை உடையும்னு சொல்லும், எங்கே உடையும்னு சொல்லாது. அந்த இடைவெளி அப்படியேதான் இருக்கு. அது என்னிக்கும் இருக்கும்னு யாரும் நிரூபிக்கவும் இல்ல. நம்ம பூட்டெல்லாம் தொங்கறது, இதுவரைக்கும் யாருக்கும் வேகமான வழி தெரியலங்கற ஒரு ஆணியில.

2⁶⁷ − 1 இன்னிக்கு ஒண்ணுமே இல்ல. என்னோட பழைய லேப்டாப்ல என்டர் தட்டினா, விரலை எடுக்கறதுக்குள்ள ரெண்டு காரணியும் வந்து நிக்குது. கோல் 1926-ல இறந்தார். கழகத்துல இருந்து ஓய்வு பெறும்போது தனக்குக் கிடைச்ச பணத்தை அவர் அதுக்கே திருப்பிக் கொடுத்தார். அதுல உருவான கோல் பரிசு இயற்கணிதத்துக்கும் எண் கோட்பாட்டுக்கும் இன்னும் கொடுக்கப்பட்டு வருது.

ஆனா 67 இருந்த இடம் காலியா இல்ல. 1952-ல ராஃபேல் ராபின்சன், லூகா-லேமர் சோதனையை ஒரு ஆரம்பகாலக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்து ஓடவிட்டப்போ, 2¹²⁷⁹ − 1 பகா எண்ணுன்னு தெரிஞ்சுது. பூஜ்யம் வந்துடுச்சு. அதுக்கு ரெண்டு அடுக்கு முன்னால 2¹²⁷⁷ − 1 இருக்கு. 385 இலக்கம். அங்கே பூஜ்யம் வரல. அது பகா எண் இல்ல, அதுல சந்தேகமில்ல. நாம இதைப் பதிவு பண்ற வரைக்கும் அதோட ஒரு காரணியும் யாருக்கும் கிடைக்கல. இந்த வகை எண்கள்ல, உடையும்னு தெரிஞ்சும் எங்கேன்னு தெரியாததுல மிகச் சின்னது இதுதான். கிடைக்கப் போற காரணி எதுவா இருந்தாலும், 2554-ஓட ஏதோ ஒரு மடங்கைவிட ஒண்ணு அதிகமா இருக்கும்.